எக்ஸ்போர்ட் ப்ரீசெட் எங்கே இருக்க வேண்டும்? ஒரு சிறிய ஸ்டூடியோவின் கணக்கு

மொரிசியஸில் தைப்பூசம் பொது விடுமுறை. கோர் தெ கார்ட் மலைச்சாரலில் இருக்கும் முருகன் கோயிலின் படிகளில் கடைசிக் காவடி ஏறி முடிவதற்கு முன்பே எங்கள் ஸ்டூடியோவின் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். காவடி எடுத்தவரின் வீட்டாருக்கு அன்றிரவே வாட்ஸ்அப்பில் பகிர ஒன்றரை நிமிடத் துண்டு வேண்டும். பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் உறவினர்களுக்கு யூடியூபில் முழு நீளம் வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு டிவியின் பின்னால் செருகிப் பார்க்கப் பென் டிரைவ் வேண்டும். இவை போக, ஐந்து ஆண்டு கழித்து வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க எங்களிடம் ஒரு மூலப் பிரதி இருக்க வேண்டும். காட்சிகளை வெட்டி அடுக்கிய ஒரே டைம்லைனிலிருந்து நான்கு பிரதிகள். ஒவ்வொரு முறையும், வீடியோவைக் கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் சாளரத்தைத் திறந்து எண்களைக் கையால் நிரப்பினால், மூன்றாவது குடும்பத்தின் முறை வரும்போது ஏதாவது ஓர் எண் தவறிவிடுகிறது.

எனவே அந்த எண்களை ஒரு பெயரில் சேமித்து வைக்கும் ப்ரீசெட் தேவையா என்பதில் எங்களுக்குள் விவாதமே இல்லை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு ஆண்டுகளாக இழுபறி. எடிட்டிங் மென்பொருளுக்குள்ளேயே சேமித்து வைக்கலாம். கோப்புகளை மாற்றி எடுக்க மட்டுமே இருக்கும் மீடியா என்கோடர் போன்ற தனி மென்பொருளிடம் ஒப்படைக்கலாம். ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவசக் கருவிகளுக்கு மாற்றிவிடலாம். மூன்றையும் நாங்கள் வேலையில் வைத்துப் பார்த்திருக்கிறோம். நாங்கள் மூன்று பேர்: எடிட் செய்பவன் நான், ஒலியைக் கவனிப்பவர் ஒருவர், பிரதிகளை எடுத்துக் கொடுக்கும் என் அக்காள் மகன். அவன் எடிட்டர் அல்லன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த ஒப்பீட்டின் முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

ஒப்பீட்டுக்குப் போகும் முன் ஒரு சிறு கணக்கு. கோப்பின் அளவு என்பது பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக்கு எத்தனை பிட் என்பதை, நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் வருவது. பத்து நிமிட வீடியோவை 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) வேகத்தில் எடுத்தால் 600 எம்பி. யூடியூப் தன் வழிகாட்டியில் 1080பி வீடியோவுக்கு நொடிக்கு 24 முதல் 30 ஃப்ரேம் வரை 8 எம்பிபிஎஸ் என்றும், 48 முதல் 60 ஃப்ரேம் வரை 12 எம்பிபிஎஸ் என்றும், ஸ்டீரியோ ஒலிக்கு 384 கேபிபிஎஸ் என்றும் பரிந்துரைக்கிறது. வாட்ஸ்அப் துண்டுக்கு நாங்கள் ஒலியும் சேர்த்து மொத்தம் 1.2 எம்பிபிஎஸ் வைக்கிறோம். 90 நொடிக்கு 13.5 எம்பி வரும். பெரிய கோப்பைக் கொடுத்தாலும் வாட்ஸ்அப் அதைத் தன் விருப்பப்படி மீண்டும் சுருக்கிவிடுகிறது. சுருக்குவதை நாமே அளவாகச் செய்து கொடுத்தால் முகங்களாவது தெளிவாக இருக்கும். சுருக்கமே கூடாது என்றால் ஆவணமாக அனுப்பலாம், அதற்கு 2 ஜிபி வரை இடம் உண்டு. ஆனால் ஆவணமாக வந்ததைத் திறந்து பார்க்கும் பொறுமை எல்லா வீட்டிலும் இருப்பதில்லை.

முதல் வழியான எடிட்டிங் மென்பொருளின் உள் ப்ரீசெட்டைப் பற்றிப் பேசினால், அதன் வசதி மறுக்க முடியாதது. பிரீமியர் புரோவில் எக்ஸ்போர்ட் அமைப்புகளைச் சரிசெய்து ஒரு பெயர் கொடுத்தால் அது இபிஆர் என்னும் சிறு கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. அதை இன்னொரு கணினிக்கு எடுத்துச் சென்று இறக்குமதி செய்துகொள்ளலாம். டாவின்சி ரிசால்வில் டெலிவர் பக்கத்தில் அதே வேலையைச் செய்து எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே எடுக்கலாம். ரிசால்வில் எனக்குப் பிடித்த இன்னொன்று, கோப்பின் பெயரையும் டைம்லைனின் பெயரிலிருந்து தானாக அமைக்கும் குறிச்சொற்கள். இறுதி, இறுதி 2, மெய்யான இறுதி என்று கோப்புகள் பெருகும் நோய்க்கு அது நல்ல மருந்து.

ஆனால் உள் ப்ரீசெட்டுக்கு ஒரு குணம் உண்டு: சேமிக்கும் நேரத்தில் சாளரத்தில் என்னென்ன இருந்தனவோ அவற்றில் பலவற்றை அது சத்தமில்லாமல் நினைவில் வைத்துக்கொள்ளும். பிரீமியரில் ப்ரீசெட்டைச் சேமிக்கும்போது எஃபெக்ட்ஸ் பகுதியின் அமைப்புகளையும் சேர்த்துச் சேமிக்கவா என்று ஒரு தேர்வுக் கட்டம் இருக்கும். அந்தப் பகுதியில்தான் படத்தின் மேல் லோகோ பதிப்பது, நேரக்குறியீடு காட்டுவது, ஒலியளவைச் சமன்செய்வது ஆகியவை இருக்கின்றன. ஒரு திருமண வீடியோவின் சோதனைப் பிரதிக்காக நடுத்திரையில் ‘மாதிரி’ என்று மங்கலாகத் தெரியும் படம் ஒன்றை வைத்திருந்தேன். பிட்ரேட்டை மட்டும் திருத்திப் புதிய ப்ரீசெட்டாகச் சேமித்தபோது அந்தக் கட்டத்தில் இருந்த டிக் என் கண்ணில் படவில்லை. இறுதிப் பிரதியில் மாப்பிள்ளை தாலி கட்டும் காட்சியில், இருவர் முகத்துக்கும் நடுவே, ‘மாதிரி’. அந்தப் பென் டிரைவைக் கூடத்தில் உறவினர்களை எல்லாம் உட்கார வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தவர் மணமகளின் பெரியப்பா. தொலைபேசியில் அவர் கோபப்படவில்லை, “தம்பி, உண்மையான கல்யாணத்தை எப்போது அனுப்புவீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: லோகோவோ எழுத்தோ ப்ரீசெட்டில் இருக்கக் கூடாது, டைம்லைனில்தான் இருக்க வேண்டும். டைம்லைனில் இருப்பது எடிட் செய்பவன் கண்ணில் படும்; ப்ரீசெட்டில் இருப்பது வாடிக்கையாளர் கண்ணில்தான் முதலில் படும். தமிழ்த் தலைப்புகளுக்கும் இது பொருந்தும். பிரீமியரின் விருப்ப அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குச் சென்று எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எந்த எக்ஸ்போர்ட் ப்ரீசெட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மூலப் பிரதியிலேயே சரியாகப் பதிந்து போக வேண்டிய விஷயம் அது.

ஃப்ரேம் வேகம் இன்னொரு பொறி. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கல்யாண மண்டப விளக்குகள் படபடக்காமல் இருக்க நாங்கள் 25 ஃப்ரேமில் எடுக்கிறோம். தொண்டர்கள் கைப்பேசியில் எடுத்துக் கொடுக்கும் துண்டுகளோ பெரும்பாலும் 30. கைப்பேசிக் காட்சிகளை மட்டும் வைத்து 30 ஃப்ரேம் டைம்லைன் அமைத்து, அதன்மேல் 25 என்று பூட்டிய ப்ரீசெட்டைப் பயன்படுத்தினால் நொடிக்கு ஐந்து ஃப்ரேம் உதிரும். காவடியின் மயில்தோகை ஆடும்போது அது கண்ணுக்கு வெட்டுவெட்டாகத் தெரியும். ரிசால்வில் டைம்லைனில் காட்சிகளை வைத்த பின் அதன் ஃப்ரேம் வேகத்தை மாற்ற முடியாது. அதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு, நான் காவல் என்றே சொல்வேன். எந்த ஆப் ஆனாலும், ஃப்ரேம் வேகத்தை ‘மூலத்தின்படி’ என்று விட்டுவிட்டு, அளவையும் பிட்ரேட்டையும் மட்டும் ப்ரீசெட்டில் பூட்டுவதே பாதுகாப்பு.

உள் ப்ரீசெட்டின் பெரிய பலவீனம் வேறு. நான்கு பிரதி வேண்டுமானால் டைம்லைனை நான்கு முறை ரெண்டர் செய்ய வேண்டும். நிறத்திருத்தம், நடுக்கம் நீக்குதல், தலைப்புகள் என எல்லாக் கணக்கையும் கணினி நான்கு முறை போடும். அதுவரை ப்ராஜெக்ட் திறந்திருக்க வேண்டும், எல்லா ஹார்டு டிஸ்க்கும் இணைந்திருக்க வேண்டும், என் இருக்கையில் நான் வேறு வேலை பார்க்க முடியாது. தைப்பூசம் வருவது புயல் பருவத்தில். எச்சரிக்கை விடுக்கப்பட்டு மின்சாரமும் போனால், இரண்டு மணி நேர ரெண்டர் தொண்ணூறு சதவீதத்தில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழியான மீடியா என்கோடர் இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்க்கிறது. வாட்ச் ஃபோல்டர் என்று ஒரு கோப்புறையை அமைத்து அதனுடன் மூன்று ப்ரீசெட்டுகளை இணைத்துவிட்டால், அதில் போடும் ஒவ்வொரு வீடியோவும் மூன்று பிரதிகளாக வெளிவரும். எடிட் மேசையில் நான் அடுத்த வேலையைத் தொடங்கிவிடலாம். கேட்பதற்கு அருமை. நடைமுறையில் இரண்டு விஷயம் உறுத்தியது. வேலை முடிந்த மூலக் கோப்பை மீடியா என்கோடர் ‘சோர்ஸ்’ என்ற உள் கோப்புறைக்கு நகர்த்திவிடும். நகல் எடுக்காமல் அசலையே அங்கே இழுத்துப் போட்டிருந்தால், மறுநாள் ப்ராஜெக்டைத் திறக்கும்போது, கோப்பைக் காணோம் என்று சொல்லும் சிவப்புத் திரைதான். அடுத்தது, பயனர் ப்ரீசெட்டுகள் பதிப்பு எண் வாரியாகத் தனித்தனிக் கோப்புறையில் இருப்பதால், பெரிய புதுப்பிப்புக்குப் பின் பழைய அமைப்புகளை இறக்குமதி செய்யாவிட்டால் பட்டியல் வெறுமையாக வரும். இவை இரண்டும் பழகிக்கொள்ளக் கூடியவையே. மாதச் சந்தாதான் எங்களுக்கு ஒத்துவரவில்லை. சந்தாவை நிறுத்தும் நாளில் இபிஆர் கோப்புகளை வேறெந்த மென்பொருளும் சீண்டாது. பிரீமியரிலேயே வாழ்பவர்களுக்கு இது சரியான வழி. எங்களைப் போல் ரிசால்வுக்கு நகர்ந்தவர்களுக்கு இல்லை. மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஃபைனல் கட்டும் கம்ப்ரெசரும் இதே வேலையைச் செய்யும். ஃபைனல் கட்டில் பல வடிவங்களை ஒரு கட்டாகச் சேர்த்து ஒரே சொடுக்கில் அனுப்பவும் முடியும். எங்களிடம் மேக் இல்லாததால் அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

மூன்றாவது வழியில் முதலில் நின்றது ஹேண்ட்பிரேக். இலவசம், எல்லாக் கணினியிலும் ஓடும், ப்ரீசெட்டுகள் ஜேசன் கோப்பாக வெளிவரும், ஒரு கோப்புறையையே வரிசையில் நிறுத்தி இரவு முழுதும் ஓடவிடலாம். அக்காள் மகன் ஒரு பிற்பகலில் கற்றுக்கொண்டான். இதற்கு முன்நிபந்தனை, டைம்லைனிலிருந்து ஒரு மூலப் பிரதியை முதலில் எடுத்துவிடுவது. கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை; டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எஸ்க்யூ போன்ற எடிட்டிங் கோடெக்கில் 1080பி, 25 ஃப்ரேமுக்கு சுமார் 120 எம்பிபிஎஸ் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 54 ஜிபி. கல்யாணப் பருவத்தில் எங்கள் டிஸ்க்குகள் அதைத் தாங்கவில்லை. இப்போது கோயில் விழாக்களுக்கு மட்டும் அந்தக் கோடெக். திருமணங்களுக்கு அதைவிட அதிகம் சுருக்கும் எச்.264 கோடெக், 50 எம்பிபிஎஸ்ஸில், மணிக்கு 22.5 ஜிபி. ஏற்கெனவே சுருக்கியதைத் திரும்பச் சுருக்கினால் தரம் போகும் என்று ஒலிக்காரர் எதிர்த்தார். அவர் சொல்வது கோட்பாட்டில் சரி. ஆனால் 50-லிருந்து 4.5-க்கு இறங்கும்போது படத்தைக் கெடுப்பது இரண்டாவது இறக்கம்தான். முதல் சுருக்கத்தின் பங்கைப் பெரிய டிவியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த 4.5 எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் வீடுகளில் இருக்கும் பழைய டிவிகள் பல, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவை மட்டுமே படிக்கும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. இரண்டு மணி நேரக் கல்யாணத்தை 8 எம்பிபிஎஸ்ஸில் எடுத்தால் 7.2 ஜிபி, பென் டிரைவில் அறுபது ஜிபி காலியாக இருந்தாலும் கோப்பு ஏறாது. 7200 நொடியை அந்த வரம்புக்குள் அடைக்க வேண்டுமென்றால் ஒலியும் படமும் சேர்ந்து 4.7 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டக் கூடாது. எனவே ஒலிக்கு 192 கேபிபிஎஸ், படத்துக்கு 4.3 எம்பிபிஎஸ், ஆக மொத்தம் ஏறத்தாழ 4.5. இங்கேதான் ஹேண்ட்பிரேக்கின் இயல்பான அமைப்பு நம்மைக் கவிழ்க்கும். அது ‘நிலையான தரம்’ என்ற முறையில் தொடங்குகிறது. தரத்தைச் சொன்னால் அளவை அதுவே முடிவு செய்யும். அமைதியான நலங்குக்கு 3 ஜிபி வரும், பூமழையும் நடனமும் நிறைந்த வரவேற்புக்கு 6 ஜிபி வந்து நிற்கும். பென் டிரைவ் ப்ரீசெட்டுக்கு மட்டும் சராசரி பிட்ரேட், இரட்டைச் சுற்று (முதல் சுற்றில் அலசி, இரண்டாம் சுற்றில் சுருக்குவது) என்று மாற்றிப் பூட்ட வேண்டும். நேரம் கூடும், கோப்பு நிச்சயம் ஏறும்.

அதே மென்பொருளில் இன்னொரு சிறு குழி. அதன் ஆயத்த ப்ரீசெட்டுகளில் ‘1080பி30’ என்று முடியும் பெயர்களைப் பார்த்து, எல்லாவற்றையும் 30 ஆக்கிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த 30 உச்ச வரம்பு மட்டுமே. 25 அப்படியே 25 ஆக வரும். ஆனால் மெதுவோட்டத்துக்காக 50 ஃப்ரேமில் எடுத்ததை அப்படியே கொடுத்தால் 30-க்கு வெட்டப்பட்டு நடை கோணும். எங்கள் ப்ரீசெட்டில் அந்த வரம்பை நீக்கிவிட்டோம். கோப்பின் பெயரை மட்டும் ரோமன் எழுத்தில் வைக்கிறோம். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. எங்கள் வாடிக்கையாளரின் டிவியில் அது வெறும் கட்டங்களாகத்தான் தெரிகிறது.

எஃப்எஃப்எம்பெக் பற்றி அறிந்தவர்கள், இவ்வளவும் எதற்கு, ஒரே வரிக் கட்டளையில் முடியுமே என்பார்கள். முடியும். 2000-ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய அந்தத் திட்டம்தான் இன்று பல வீடியோக் கருவிகளின் அடித்தளம். அதன் கட்டளைகளை ஓர் எழுத்துக் கோப்பில் சேமித்தால் அதுவே ப்ரீசெட். எந்தப் புதுப்பிப்பும் அதைத் தொலைக்காது, எந்தச் சந்தாவும் அதைப் பூட்டாது, இருபது ஆண்டு கழித்தும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். நீடித்திருப்பதே முக்கியம் என்றால் இதற்கு இணை இல்லை. எனினும் கறுப்புத் திரையில் கட்டளை ஓடுவதைப் பார்த்து அக்காள் மகன் கை வைக்கவே தயங்கினான். ஒரு இடைவெளி கூடுதலாகப் போனால் பிழைச் செய்தி அரைப் பக்கத்துக்கு வரும். நான் ஊரில் இல்லாத நாளில் பிரதி எடுக்க முடியாத ப்ரீசெட் எனக்கு மட்டும் ஆன ப்ரீசெட்.

ஒரே ஒரு வேலைக்கு அதை வைத்திருக்கிறோம்: ஒலியளவு. நாதஸ்வரமும் தவிலும் முழங்கும் கெட்டிமேளத்துக்கும் அதற்கு முன் ஐயர் முணுமுணுக்கும் மந்திரத்துக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எஃப்எஃப்எம்பெக்கின் லவுட்நார்ம் என்ற வடிகட்டியை ஒரே சுற்றில் ஓட்டினால், அது போகிற போக்கில் ஒலியை ஏற்றி இறக்கும்; மந்திரம் மெல்ல மெல்ல வீங்கி, கூடவே மண்டபத்து மின்விசிறியின் இரைச்சலும் எழுந்து வரும். முதல் சுற்றில் அளந்து, அந்த அளவுகளை இரண்டாம் சுற்றுக்குக் கொடுத்து, நேர்கோட்டு முறையில் ஓட்டினால் மொத்தமும் ஒரே அளவு உயரும், உள்ளிருக்கும் ஏற்ற இறக்கம் கலையாது. தவிலின் உச்சங்கள் வரம்பைத் தாண்டும் நிலை வந்தால் அது தானாகவே பழைய முறைக்குத் திரும்பிவிடும் என்பதால், உச்சங்களை எடிட்டிலேயே அடக்கி வைப்பது ஒலிக்காரரின் பொறுப்பு. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவது என்ற மாதிரி வீதத்தை 48000 என்று தனியே குறிப்பிடவும் வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றி இறக்கும் முறையில் ஒலி 192000-இல் வெளிவந்து டிவிகளைத் திணறடிக்கும். இந்த இரண்டு சுற்றையும் ஒரு சிறு ஸ்கிரிப்டாக்கி, மூலப் பிரதி வந்தவுடன் ஒலிக்காரர் ஒரு முறை ஓட்டுகிறார்.

ஆக, எங்கள் ஏற்பாடு இப்படி நிலைபெற்றது. ரிசால்வில் இரண்டே இரண்டு ப்ரீசெட்டுகள், இரண்டும் மூலப் பிரதிக்கு. ஒலி ஸ்கிரிப்ட் ஒன்று. ஹேண்ட்பிரேக்கில் மூன்று: வாட்ஸ்அப், யூடியூப், பென் டிரைவ். வாட்ஸ்அப் துண்டையும் தனிச் சிறு டைம்லைனாக வெட்டி மூலத் தரத்திலேயே கொடுத்துவிடுகிறேன். பெயர்களில் எண்களைப் போடுவதில்லை. ‘டிவிக்கு’, ‘யூடியூபுக்கு’ என்று எங்கே போகிறதோ அதையே பெயராக வைத்து, கடைசியாக மாற்றிய மாதத்தைப் பின்னால் சேர்க்கிறோம். டைம்லைனை ஒரு முறைதான் ரெண்டர் செய்கிறோம். மின்சாரம் போனாலும் இழப்பது ஒரு பிரதியைத்தான். குறையும் உண்டு. அவசர நாளில், மூலப் பிரதி முடியும் வரை மற்ற எதையும் தொடங்க முடியாது. நேராக டைம்லைனிலிருந்து எடுத்தால் வாட்ஸ்அப் துண்டு கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

தனியாளாக யூடியூபுக்கு மட்டும் வேலை செய்பவர் இதில் எதையும் பின்பற்ற வேண்டியதில்லை. எடிட்டிங் மென்பொருளின் உள் ப்ரீசெட் ஒன்றே அவருக்குப் போதும். அதன் கோப்பை வெளியே எடுத்து வேறோர் இடத்தில் ஒரு நகல் வைத்துக்கொண்டால் சரி. பிரதி எடுப்பவர் வேறு, எடிட் செய்பவர் வேறு என்ற நிலை வரும்போதுதான் ப்ரீசெட் எடிட் மேசையை விட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது.

எந்த வழியில் போனாலும், எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு மென்பொருளின் ப்ரீசெட்டை இன்னொன்று படிக்காது. தாளை யாரும் படிக்கலாம். எங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் கோடெக், பிட்ரேட், ஒலியளவு ஆகியவற்றுக்குக் கீழே சோதனைத் துண்டு ஒன்றின் பெயரும் இருக்கிறது: அரை நிமிடம், தொடக்கத்தில் ‘ஸ்ரீ’யும் ‘கௌ’வும் வரும் தமிழ்த் தலைப்பு, பிறகு மயில்தோகை வேகமாகச் சுழலும் ஒரு காட்சி, கடைசியில் மந்திரத்திலிருந்து கெட்டிமேளத்துக்குத் தாவும் பத்து நொடி. ப்ரீசெட்டில் ஓர் எண்ணை மாற்றினாலும் அந்த அரை நிமிடத்தை எடுத்து, ஸ்டூடியோவில் இருக்கும் பழைய டிவியில் செருகிப் பார்த்த பிறகுதான் அக்காள் மகன் தாளில் புதிய மாதத்தை எழுதுவான்.